சப்பாத்தியை நிறுத்தும் முன்

இரவில் சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, குளூட்டன் (கோதுமையிலுள்ள புரதம்) இல்லாத மாவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில், குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டு எடுத்தால் அதன் முடிவை நம்ப முடியாது.

அதில் ஒன்றுமில்லை என்றால், என் சந்தேகம் ஃபிரக்டான் மீதுதான். கோதுமையிலுள்ள இந்தக் கார்போஹைட்ரேட் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவை உண்டாக்கும். சீலியாக் இல்லாத 59 பேரிடம் நடத்தி, 2018இல் வெளியான நார்வே ஆய்வில் குளூட்டனைவிட ஃபிரக்டானே அதிகத் தொல்லை கொடுத்தது. வெங்காயம், பூண்டிலும் அது ஏராளம். ஆகவே தொட்டுக்கொள்ளும் குருமாவையும் விசாரியுங்கள். பாவம், பழியெல்லாம் சப்பாத்திக்கே போகிறது! சில வாரங்கள் இரண்டையும் தனித்தனியே குறைத்துப் பாருங்கள். அதற்குள் விலை கூடிய பாக்கெட் மாவு எதற்கு? சோற்றில் குளூட்டன் கிடையாது.