கருவியியல் பராமரிப்பு வேலையில் சேரும் புதியவர் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

டிப்ளமோ முடித்து ஆலை ஒன்றில் சேரப்போவதாகவும், முதலில் பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) படிப்பதா, அளவுத்திருத்தம் படிப்பதா என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால், அழுத்த வேறுபாட்டை அளந்து மின்சமிக்ஞையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கு அடியில் இருக்கும் மூன்று வால்வுகளை (பக்கத்துக்கு ஒன்று, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சமன் வால்வு ஒன்று) எந்த வரிசையில் திறந்து மூடுவது என்று படியுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கொதிகலனின் டிரம்மில் (நீரும் நீராவியும் இருக்கும் கலன்) நீர்மட்டம் காட்டும் டிரான்ஸ்மிட்டரில், பூஜ்ஜிய அளவு சரியா என்று பார்க்கப் போனேன். இரு பக்க வால்வுகளும் திறந்திருக்கும்போதே நடுவில் உள்ள சமன் வால்வைத் திறந்துவிட்டேன். டிரம்மின் மேற்புறத்திலிருந்து இறங்கும் ஒப்பீட்டுக் குழாயில் எப்போதும் நீர் நிறைந்து நிற்க வேண்டும். அந்த நீரின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் கருவி மட்டத்தைச் சொல்கிறது. நான் திறந்துவிட்ட வழியே அந்த நீர் டிரம்முக்குள் வடிந்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. வேலை முடிந்தது என்று சொன்னேன், நீர் வரத்தைத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு (ஆட்டோ) மாற்றினார்கள். ஒப்பீட்டு நீர் குறைந்ததால் அழுத்த வேறுபாடு குறைந்து, மட்டம் மிக உயரம் என்று கருவி காட்டியது. கன்ட்ரோலர் அதை நம்பி நீர் வரத்தைக் குறைத்தது. உள்ளே நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கொதிகலன் அருகே நின்ற அட்டெண்டர் அண்ணன்தான் காப்பாற்றினார். டிரம்மின் நீர்மட்டத்தை நேரடியாகக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்து, "தம்பி, கண்ணாடியில் தண்ணீர் கீழே போகிறது, மேனுவலுக்கு மாற்றச் சொல்" என்று கத்தினார். நீராவி குளிர்ந்து குழாய் மறுபடி நிரம்பிய பிறகே அளவு கண்ணாடியோடு ஒத்துவந்தது. ஒரு பக்கத்தை அடைத்த பிறகுதான் சமன் வால்வைத் தொட வேண்டும் என்பது அன்றிலிருந்து என் கையிலேயே பதிந்துவிட்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது, கருவியில் எந்தப் பழுதும் இல்லை என்பதுதான். டிரான்ஸ்மிட்டர் கம்பி வழியே அனுப்பும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் சமிக்ஞையில் பூஜ்ஜிய அளவுக்கு 4 வைத்ததே, கம்பி அறுந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக. மின்னோட்டம் 0 என்றால் பழுது என்று புரிந்துவிடும். 18 வந்தால்? அது உண்மையான மட்டமா, குழாய் காலியானதால் வந்த பொய்யா என்று கம்பி சொல்லாது.

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று நடந்ததிலும், அங்கே மானி பழுதாகியிருந்தாலும், நம்பும்படியான பொய் அளவுதான் ஏமாற்றியது. 912ஆம் எண் தொட்டியின் மட்டமானி அதிகாலை 3 மணியளவில் ஒரே அளவில் நின்றுவிட்டது. பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த மானி அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் 14 முறை இப்படி நின்றிருக்கிறது! மட்டம் மிக உயர்ந்தால் வரத்தை நிறுத்தக் கடைசிக் காவலாக இருந்த தனி உயர்மட்ட சுவிட்சும் இயங்கவில்லை. அதைச் சோதிக்கும் நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு வேண்டும். அது எதற்கு என்று புரியாமல் பூட்டாமலே விட்டிருந்தார்கள். தொட்டி வழிந்து, பரவிய பெட்ரோல் ஆவி காலை 6 மணிக்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள்.

ஆகவே முதல் வாரத்தில் மடிக்கணினியை வைத்துவிட்டுக் குழாய்களோடு நடங்கள். நீராவிக் குழாய்களிலிருந்து கருவிக்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் மெல்லிய இம்பல்ஸ் குழாயின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் உள்ளே நிற்க வேண்டிய நீர் போய்விட்டது. ஒவ்வொரு முக்கிய அளவையும் வேறு எதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டெண்டர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.