அப்பத்துக்கு என்ன விபத்து? – கடிதம்

வணக்கம்.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இப்படி ஒரு வரி: ‘திருப்பலியில் அப்பத்தின் பொருள் மாறிவிடுகிறது, விபத்துகள் மட்டும் எஞ்சுகின்றன.’ அப்பத்துக்கு என்ன விபத்து? அதோடு, பொருளே மாறுகிறது என்றால் சோதனைச்சாலையில் தெரிந்துவிடாதா? இதை எப்படி அவ்வளவு பெரிய அறிஞர்கள் ஏற்றார்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாய்விட்டுச் சிரித்தேன். கத்தோலிக்க வழிபாடான திருப்பலியில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்ற நம்பிக்கையைப் பற்றிய வரி அது. மொழிபெயர்த்தவர் ஆங்கிலம் வழியாக வந்து வழுக்கியிருக்கிறார். லத்தீனில் அது ‘அக்சிடென்ஸ்’. ஒன்றின்மேல் வந்து சேர்வது, அதைச் சார்ந்து நிற்பது. நிறம், சுவை, வடிவம் எல்லாம் இதில் அடக்கம். இவை எதைச் சார்ந்து நிற்கின்றனவோ அது ‘சுப்ஸ்தான்சியா’, சொல்லுக்குச் சொல் ‘அடியில் நிற்பது’. நம் தர்க்க நூல்களின் குணம் (பண்பு), குணி (பண்பை உடைய பொருள்) என்ற இணை இதற்குக் கிட்டத்தில் வரும். முழுக்கப் பொருந்தாது, ஆனாலும் விபத்துக்கு எவ்வளவோ தேவலை.

சோதனைச்சாலைக் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. கருவி தொடுவதெல்லாம் குணங்களைத்தான். குணங்களில் எதுவும் மாறவில்லை என்பதுதான் அக்வினாஸின் கட்சி. ‘கோதுமை அப்பம்’ என்று அறிக்கை வந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். எந்தச் சோதனைக்கும் சிக்காத கோட்பாடு இது என்று நீங்கள் குறை சொல்லலாம், நியாயம்தான். ஆனால் ரசாயன மாற்றம் என்று அவர் சொன்னதே இல்லை.

பலரும் நினைப்பதுபோல ‘பொருள் மாறுதல்’ என்ற சொல்லை அவர் உண்டாக்கவும் இல்லை. 1059இல் ரோமில், இந்த மாற்றத்தைக் கேள்விக்குள்ளாக்கிய இறையியலாளர், தூர் நகரத்து பெரெங்காரை ஓர் உறுதிமொழி வாசிக்க வைத்தார்கள்: கிறிஸ்துவின் உடல் விசுவாசிகளின் பற்களால் அரைபடுகிறது என்று. கேட்கவே கூசுகிறது, இல்லையா? 1079இல் மறுபடியும் அவருக்கே இன்னோர் உறுதிமொழி. இந்த முறை பற்களைக் காணோம். பதிலாக ‘சுப்ஸ்தான்சியாலிதெர்’ என்ற வினையடை வந்து உட்கார்ந்திருக்கிறது: மாறுவது குணியின் அளவில். 1215இல் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம் ‘பொருள் மாறுதல்’ என்ற அந்தச் சொல்லையே தன் விசுவாச அறிக்கையில் ஏற்றிவிட்டது. அக்வினாஸ் பிறந்ததே அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான்.

அப்புறம், அவருடைய உண்மையான தலைவலி வேறு. குணி போய்விட்டது, சரி, குணம் எதில் நிற்கும்? அப்பம் இல்லாமல் அப்பத்தின் வெண்மையா? இந்தப் பிரிப்பையே தந்த அரிஸ்டாட்டில் இதை ஒப்பமாட்டார். அக்வினாஸ் சொல்கிறார்: முதலில் அப்பத்தின் பரிமாண அளவைக் கடவுள் தம் ஆற்றலால் தாங்கி நிறுத்துகிறார், நிறமும் சுவையும் அந்த அளவின்மேல் நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாத்திரம் அரிஸ்டாட்டில் வீட்டுடையது, சமையல் அவர் வாயில் வைக்காதது. 1520இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எரிச்சலோடு கைவைத்ததும் இந்தச் சமையலில்தான்.

லூதருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1551இல் ‘பொருள் மாறுதல்’ என்ற பழைய சொல்லை விடவில்லை. ஆனால் அந்தச் சொல் வரும் விதியில் எஞ்சுவதைச் சொல்லும்போது ‘அக்சிடென்ஸ்’ வரவில்லை. ‘ஸ்பேசியெஸ்’, அதாவது தோற்றம் என்றே எழுதினார்கள். எனக்கென்னவோ அது தற்செயலாகத் தெரியவில்லை. உங்கள் மொழிபெயர்ப்பாளரும் ‘தோற்றங்கள் மட்டும் எஞ்சுகின்றன’ என்று எழுதியிருந்தால் நமக்கு இந்தக் கடிதமே கிடைத்திருக்காது.