சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்; நேரடி விமானத்தில் நான்கு முதல் நான்கரை மணி நேரம் ஆகும். கேள்விக்கு இதுவே விடை. ஆனால் பயணச்சீட்டைப் பார்த்து நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டு நானே என் தாயாரைச் சிரமப்படுத்தியிருப்பதால், சற்று விரித்து எழுதுகிறேன்.

இத்தடத்தில் பறக்கும் விமானங்கள் உயரத்தை எட்டிய பிறகு மணிக்குச் சுமார் 840 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அந்தக் கணக்கில் மூன்றரை மணி நேரம் போதும் என்று தோன்றும்; ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவதற்கு முறை வரும் வரை காத்திருப்பது எல்லாம் சேரும்போதுதான் நான்கைத் தாண்டுகிறது. கொழும்பு அல்லது கோலாலம்பூர் வழியாக மாறிச் சென்றால் இடைக் காத்திருப்பைப் பொறுத்து நேரம் மிகவும் கூடும்.

வங்கக் கடலைக் கடக்கும் இந்த வழி பெரிய நிக்கோபார் தீவுக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் அருகாகச் சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரமும் இலாமுரிதேசமும் இவைதான் என்பதை அறிந்தபின், இருக்கைத் திரையின் வரைபடத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் என் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

இனி, பலரும் தவறும் இடம். பயணச்சீட்டில் புறப்பாடு சென்னை நேரப்படியும் வருகை சிங்கப்பூர் நேரப்படியும் இருக்கும். இரவு 11.15க்குக் கிளம்பிக் காலை 6.00க்குச் சேரும் என்றிருந்தால் ஆறேமுக்கால் மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடுகிறோம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவது நான்கேகால். திரும்பி வரும்போது அதே இரண்டரையைக் கூட்ட வேண்டும். வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான் என்று அந்நாளில் போய்வந்த பெரியவர்கள் சொன்னால், அதுவும் சரியே. 1982 ஜனவரி 1 முதல்தான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது.

முதல் பயணத்தில், "ஆறு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம் அம்மா" என்று சொல்லி ஏற்றினேன். சாப்பாடு முடிந்து, விளக்கணைத்து, அவர் கண்ணயர்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கப் போகிறோம் என்று எழுப்பிவிட்டார்கள். வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடும் சர்க்கரை மாத்திரையை அங்கேயும் ஏழு மணிக்கு, ஒன்றும் சாப்பிடாத நிலையில் கொடுத்துவிட்டேன். அவர் உடம்புக்கு அப்போது அதிகாலை நாலரை. குடிநுழைவு வரிசையிலேயே கை நடுங்கி, நெற்றி வியர்த்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்த கடலை மிட்டாயைத் தின்னக் கொடுத்து உட்கார வைத்ததும்தான் தெளிந்தார்.

ஆகவே முதியவர்களை அழைத்துச் செல்வோர், இந்த இரண்டரை மணி நேர மாற்றத்தைச் சொல்லி, மாத்திரை வேளைகளை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்தில் என் தாயார் தம் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவைத்து, மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துத் தாமே மாத்திரை போட்டுக்கொண்டார்.