டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கிச் சண்டை வேடிக்கையைத் தவிர பார்க்க ஏதாவது இருக்கிறதா?

டென்வரிலிருந்து விச்சிட்டாவுக்குக் காரில் போகிறோம், வழியில் கான்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் ஒரு நாள் தங்கலாமா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் கூட வருகிறார்கள், கௌபாய் வேஷம் கட்டியவர்கள் சுட்டுக்கொண்டு விழுவதைத் தவிர அங்கே உருப்படியாக ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, தாராளமாகத் தங்குங்கள். நான் விச்சிட்டா பக்கம் குடியிருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். என் கணக்கில் அந்த ஊரின் கதையே மாடுதான். மாடு எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, ஏன் நின்றுபோனது, இப்போது எங்கே இருக்கிறது என்று தொடர்ந்துகொண்டே போனால் ஒவ்வோர் இடமும் அடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். துப்பாக்கியை மட்டும் தேடிப் போகிறவர்கள் அரை மணி நேரத்தில் காரில் ஏறிவிடுகிறார்கள்.

நீங்கள் மேற்கிலிருந்து வருவதால் ஒரு வசதி. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, ஏறத்தாழ ஒன்பது மைல் தள்ளி, 50/400 நெடுஞ்சாலை ஓரத்திலேயே சாண்டா ஃபே தடத்தின் வண்டிச் சுவடுகள் இருக்கின்றன. 1821-இல் தொடங்கி, ரயில் வரும்வரை, மிசௌரியிலிருந்து அப்போது மெக்சிகோவின் ஊராக இருந்த சாண்டா ஃபேவுக்குச் சரக்கு வண்டிகள் போன பாதை அது. ஆழமான இரண்டு சக்கரக் கோடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இருக்காது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகாமல் மூன்று நான்கு வரிசையாகப் பக்கம் பக்கமாகப் போனதால், தரை அகலமாகப் பள்ளம் விழுந்து அலை அலையாகக் கிடக்கும், அதன்மேல் புல் மூடியிருக்கும். நட்ட நடு மத்தியானத்தில் பார்த்தால் வெறும் புல்வெளி என்று தோன்றும். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கி, மேட்டின் விளிம்பு தனியாகத் தெரியும், புல்லின் நிறம்கூடப் பள்ளத்தில் வேறாக இருக்கும். கட்டணம் கிடையாது. பிள்ளைகளை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நடக்க விடுங்கள், அப்போதுதான் எவ்வளவு அகலம் என்பது புரியும்.

ஊர் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உள்ளே போய்ப் பார்க்கும்போது உதவும். அந்தத் தடத்தைக் காக்க 1865-இல் ராணுவம் ஃபோர்ட் டாட்ஜ் முகாமைப் போட்டது. முகாம் எல்லைக்குள் சாராயம் விற்கக் கூடாது என்பதால், 1872-இல் ஜார்ஜ் ஹூவர் என்பவர் சரியாக ஐந்து மைல் அளந்து வந்து கூடாரம் போட்டு விஸ்கி விற்க ஆரம்பித்தார். அவரே பிற்பாடு ஊர் மேயர். அதே ஆண்டு செப்டம்பரில் ரயில் வந்தது. ரயில் வந்ததும் முதலில் ஏற்றியது மாடு இல்லை, காட்டெருமைத் தோல். மூன்றே ஆண்டில் லட்சக்கணக்கான எருமைகளைச் சுட்டு, தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலைப் புல்வெளியிலேயே விட்டுவிட்டார்கள். நாற்பதாயிரம் தோல்கள் வீட்டுயரத்துக்கு அடுக்கியிருக்க அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய புகைப்படம் உண்டு, டாட்ஜ் சிட்டி தோல் கிடங்கில் எடுத்தது, எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பாருங்கள். ஷையன், கயோவா, கொமாஞ்சி, அரபாஹோ என்ற பூர்வகுடி மக்களின் சோறும் கூரையும் உடுப்பும் அந்த விலங்குதான். எருமை தீர்ந்ததும் வெளுத்துக் கிடந்த எலும்பையும் பொறுக்கி உரத்துக்கு ரயிலேற்றினார்கள். இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள், அது இல்லாமல் மாட்டுக் கதை புரியாது. புல் மிச்சமிருந்தது, மேய எதுவும் இல்லை. அந்தக் காலி நிலத்துக்குத்தான் டெக்சஸிலிருந்து மந்தைகள் வந்தன.

அப்புறம் பூட் ஹில் அருங்காட்சியகம். நேரத்தில் பாதியை இங்கே கொடுங்கள். முன்னால் வரிசையாக நிற்கும் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் கடைகள் அசல் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அசல் மரக்கட்டடங்கள் 1885-இல் அடுத்தடுத்து வந்த தீவிபத்துகளில் போய்விட்டன, இது 1876 வாக்கில் தெரு இருந்த தோற்றத்தைப் பார்த்து மறுபடி கட்டியது. மேலே பூட் ஹில் என்ற மேட்டில் உள்ள கல்லறைகளும் அப்படித்தான். 1872 முதல் 1878 வரை அங்கே நிஜமாகவே பிணங்களைப் புதைத்தார்கள், பெட்டிகூட இல்லாமல் போர்வையில் சுற்றிப் புதைத்ததும் உண்டு. 1879-இல் எல்லாவற்றையும் தோண்டி வேறு இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு அந்த மேட்டில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிறகு 1930-களின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவர், ஊரில் நடந்த ரோட்டரி மாநாட்டுக்கு வந்தவர்களைச் சிரிக்கவைப்பதற்காக, சிமெண்டில் முகங்களும் பூட்ஸ்களும் செய்து மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருப்பதுபோலப் பதித்தார். சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்க்கவே வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த தகவல்.

அசல் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன, அங்கே நிதானமாக நில்லுங்கள். அந்தக் காலத்து ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் படம் ஒன்றைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். தெரு நடுவில் ஒரு கிணறு, கிணற்றோடு ஒரு பலகை, அதில் 'துப்பாக்கி வைத்திருப்பது கண்டிப்பாகத் தடை' என்று எழுதியிருக்கும், கீழேயே ஒரு கசப்பு மருந்துக்கு விளம்பரம். ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே வருகிறவர்கள் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், இதுதான் சட்டம். வயாட் ஏர்ப், பேட் மாஸ்டர்சன் என்று பெயர் கேட்டிருப்பீர்கள், இங்கே சட்டம் காக்கும் அதிகாரிகளாக இருந்தவர்கள், அவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி குடித்துவிட்டு வந்தவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவதுதான். மாஸ்டர்சன் கடைசியில் நியூயார்க் பத்திரிகையில் விளையாட்டுப் பத்தி எழுதிக்கொண்டிருந்து 1921-இல் எழுத்து மேசையிலேயே இறந்தார். கான்சஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களிலும் சேர்த்து 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளைப் பழைய செய்தித்தாள்களை வைத்து எண்ணியபோது மொத்தம் 45 வந்தது. ஐந்து ஊர், பதினைந்து ஆண்டுக்கு மேல், 45. கடைக்காரர்களுக்குச் சண்டை வேண்டாம், வியாபாரம் வேண்டும்.

சரி, என்ன வியாபாரம்? உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் நீண்ட கொம்பு மாடுகள் கணக்கில்லாமல் பெருகிக் கிடந்தன, ஒரு மாடு நாலைந்து டாலர்கூடப் போகாது, அதே மாடு வடக்கே நாற்பது டாலர். இடையில் ரயில் கிடையாது. அதனால் இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகளை ஒரே மந்தையாக, பத்துப் பன்னிரண்டு பேர் குதிரைமேல் இருந்தபடி, நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல் வீதம் மேய்த்துக்கொண்டே நடத்திக் கொண்டுவந்தார்கள். வேகமாக ஓட்டினால் மாடு இளைத்துவிடும், விலை போகாது. இரண்டு மூன்று மாதம் புழுதி தின்று வந்தவனுக்கு மாதம் முப்பது நாற்பது டாலர் சம்பளம், மொத்தமாக இங்கே வந்துதான் கைக்குக் கிடைக்கும். குளியல், முடிவெட்டு, புதுத் தொப்பி, புது பூட்ஸ், அப்புறம்தான் சலூன் என்கிற மதுக்கடை. அவர்களில் கறுப்பினத்தவர் கணிசமான பேர், மெக்சிகோக்காரர்களும் நிறைய. மாட்டைக் கயிறு வீசிப் பிடிப்பது, சூடு போடுவது என்று தொழில் முழுவதும் மெக்சிகோவின் வக்கேரோக்களிடமிருந்து, அதாவது குதிரைமேல் இருந்து மாடு மேய்ப்பவர்களிடமிருந்து, கற்றுக்கொண்டதுதான்.

இந்த ஊர் ஏன் சந்தையானது என்பதற்கு விடை உண்ணி. நம் ஊரில் மாட்டு மடியிலும் காதிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த இனம்தான். டெக்சஸ் மாடுகளுக்குக் கன்றுப் பருவத்திலிருந்தே பழகிப்போன ஒரு காய்ச்சல், அவை போன வழியில் உதிர்ந்த உண்ணிகளால் கான்சஸ் விவசாயிகளின் மாடுகளுக்குத் தொற்றி, அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. குளிர் கடுமையாக இருப்பதால் வடக்கே உண்ணி தங்காது, அதனால் அங்குள்ள மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது, டெக்சஸ் மாடு வந்தால் நம் மாடு சாகிறது என்பது மட்டும் தெரியும். மாநில அரசு ஒரு தடைக்கோடு போட்டு, விவசாயிகள் மேற்கே குடியேறக் குடியேறக் கோட்டையும் மேற்கே தள்ளிக்கொண்டே வந்தது. முதலில் அபிலீன், பிறகு எல்ஸ்வொர்த், விச்சிட்டா என்று சந்தையும் நகர்ந்து நகர்ந்து 1870-களின் நடுவில் டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்ந்தது. 1885-இல் மாநிலம் முழுவதையும் மூடிவிட்டார்கள், ஊரின் மாட்டுக் காலம் அதோடு அடங்கியது. தியோபால்ட் ஸ்மித்தும் ஃபிரெடரிக் கில்போர்னும் உண்ணிதான் காரணம் என்று ஆய்வை வெளியிட்டது 1893-இல்தான். சிற்றுயிர் ஒன்று கடித்து நோய் பரவும் என்பதை நிறுவிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. சலூன் நடனத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைப் பேசுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதையெல்லாம் ஒரே வீட்டில் பார்க்க வேண்டுமானால் 'ஹோம் ஆஃப் ஸ்டோன்' போங்கள். ஜான் முல்லர் என்பவர் கௌபாய்களுக்கு பூட்ஸ் தைத்து விற்றுப் பணம் சேர்த்தார், அந்தப் பணத்தை மாட்டில் போட்டார், 1881-இல் சுண்ணாம்புக் கல்லால் இந்த வீட்டைக் கட்டினார். 1886 ஜனவரியில் வந்த பனிப்புயலில், காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நகர்ந்துபோன மாடுகள் முள்கம்பி வேலிகளில் தடுக்கப்பட்டுக் குவியல் குவியலாக உறைந்து இறந்தன. முல்லரின் மாடுகளும் போயின, அவர் வீட்டை விற்றார், ஒரு கொல்லர் குடும்பம் வாங்கியது. சுவரைத் தொட்டுப் பாருங்கள், கல்லில் உளி விழுந்த தடம் கைக்குத் தெரியும். ஊரில் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிற, பிரதி இல்லாத கட்டடம் இது. கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும், போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையம் அங்கிருந்து பக்கம். 1898-இல் கட்டிய செங்கல் கட்டடம், அதன் ஓரத்தில் தரையில் இரண்டு பெரிய சூரியக் கடிகாரங்கள் இருக்கின்றன. நேர மண்டலங்களின் எல்லை அன்று இந்த ஊர் வழியாகப் போனதால் ஒன்று மத்திய நேரத்துக்கு, மற்றொன்று மலைப்பகுதி நேரத்துக்கு. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஃபோர்ட் டாட்ஜுக்கு நேரமிருந்தால் மட்டும் போங்கள், 1890-இலிருந்து முன்னாள் படைவீரர் இல்லமாக இருக்கிறது, ஆட்கள் குடியிருக்கிற இடம், அமைதியாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம்.

இனி மாடு இப்போது எங்கே என்ற கேள்வி. ஊரைச் சுற்றிலும் பட்டிகளில்தான், பல்லாயிரக்கணக்கில். நெடுஞ்சாலையில் போகும்போதே தெரியும், காற்று உங்கள் பக்கம் அடித்தால் பார்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிடும். நிலத்தடி நீரை உறிஞ்சித் தீவனச் சோளம் விளைவித்து, அதைப் போட்டுக் கொழுக்கவைத்து, ஊரிலேயே இருக்கும் இரண்டு பெரிய இறைச்சி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நாளைக்குப் பல ஆயிரம் மாடுகள். 1880-இல் ரயிலேற்றியதைவிட இன்றைக்கு இந்த ஊர் வழியாகப் போகும் மாடு எவ்வளவோ அதிகம். அந்த ஆலைகளில் வேலை செய்ய வந்த குடும்பங்களால் ஊரில் இன்று பாதிக்கு மேல் ஸ்பானிஷ் பேசும் வம்சாவளியினர். வக்கேரோக்களின் நாட்டிலிருந்து வந்தவர்கள் மறுபடியும் அதே தொழிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள், கத்தி பிடித்து, குளிரூட்டிய கூடத்தில், கடினமான ஷிஃப்டுகளில். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் மரியாதையை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம், அதனால்தான் சாப்பாட்டுக்கு எப்போதும் அவர்கள் நடத்தும் சின்னக் கடைகளுக்கே போகிறேன்.

சாப்பாடு என்றதும் ஒன்று: நீங்கள் சைவமாக இருந்தால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டால் தயங்காமல் சொல்வார்கள், சீஸ் என்சிலாடா பெரும்பாலும் கிடைக்கும். ஜூலையில் போனால் வெயில் நூறு டிகிரியைத் தாண்டும், காற்று ஓயாது, தொப்பியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். துப்பாக்கிச் சண்டைக் காட்சியும் சலூன் நிகழ்ச்சியும் கோடை மாதங்களில்தான், வெடிச்சத்தம் பலமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளைப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். யாராவது ரயிலில் வர யோசித்தால், ஆம்ட்ராக் இங்கே நிற்கும், ஆனால் இரு பக்கமும் இருட்டு நேரத்தில்தான், நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் அறை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.