மேலதிகாரி வாத்து விருந்துக்கு அழைத்தால்: பெய்ஜிங்கிலிருந்து ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். பெய்ஜிங் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. உங்கள் துறைத் தலைவர் உங்களையும் மனைவியையும் வரும் சனிக்கிழமை இந்த ஊரின் பெயர்போன சுட்ட வாத்து போடும் ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்திருக்கிறார். கூட இரண்டு சக ஊழியர்கள். மனைவி மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் தொடமாட்டார். உங்களுக்குச் சாப்பாட்டுக் குச்சி பிடிக்க இன்னும் வரவில்லை. என்ன உடுத்துவது, எதைச் சாப்பிடுவது, குடிக்கச் சொன்னால் எப்படித் தப்பிப்பது, பில்லை யார் கொடுப்பது, பதிலுக்கு நாமும் அழைக்க வேண்டுமா? இவ்வளவுதானே.

முதலில் குச்சிக் கவலையை விடுங்கள். சீன விருந்துகளில் நம் ஆட்களுக்குச் சுலபமானது இந்த வாத்துதான். முக்கியமான ஐட்டத்தைக் கையால் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உங்கள் மேலதிகாரியும் கையால்தான் சாப்பிடுவார். மூங்கில் கூடையில் சுடச்சுட மெல்லிய ரொட்டிகள் வரும். நம் ஊர் சமோசாவுக்குப் போடும் பட்டியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஒன்றை எடுத்துத் தட்டில் விரித்து, கறுப்பு சாஸைத் தடவி, இரண்டு மூன்று துண்டு வாத்து, வெங்காயத்தாள், வெள்ளரிக்குச்சி வைத்து, கீழ்ப்பக்கத்தை மடித்துச் சுருட்டிக் கடிக்க வேண்டியதுதான். அந்த சாஸ் கோதுமை மாவைப் புளிக்கவைத்துச் செய்வது. இனிப்பும் உப்பும் சேர்ந்திருக்கும், கொஞ்சம் போதும். அதிகம் வைத்துச் சுருட்டினால் பின்பக்கமாகச் சட்டையில் ஒழுகும். வெளிர் நிறச் சட்டை வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மற்றபடி உடை விஷயத்தில் இங்கே கெடுபிடி இல்லை. அலுவலகத்துக்குப் போகிற மாதிரிப் போனால் போதும், கோட்டும் டையும் தேவையில்லை.

எந்த உணவகம் என்று நீங்கள் எழுதவில்லை. ஊரில் பெரிய பெயர்கள் சில உண்டு. பியென்யிஃபாங் தன் வரலாற்றை 1416இலிருந்து சொல்கிறது. அங்கே மூடிய அடுப்பு. அடுப்பின் சுவரை நன்றாகச் சூடேற்றி, தீயை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே வாத்தை வேகவைப்பார்கள். சுவாலை படாது. சுவான்ஜுதே 1864இல் சியென்மென் பகுதியில் தொடங்கியது. அங்கே திறந்த அடுப்பு. வாத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு, இலந்தை, பேரி மாதிரியான பழமரக் கட்டைகளை எரித்துச் சுடுவார்கள். இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கடைகள் இந்த இரண்டாம் வழியில்தான் போகின்றன. தாதோங் புதிய பாணி. அதன் சமையல்காரர் தோங் ஜென்சியாங் கொழுப்பை நன்றாக வடியவிட்டு, தோலை மொறுமொறுப்பாக்கிப் பெயர் வாங்கினார். தட்டுகளை ஓவியம் மாதிரி அலங்கரித்துக் கொண்டுவருவார்கள். மேலதிகாரி மரியாதை காட்ட அழைக்கிறார் என்றால் தாதோங் மாதிரி ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு. சிஜி மின்ஃபூ விலை குறைவு, ருசி நன்று, ஆனால் வார இறுதியில் டோக்கன் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விருந்தாளியை அப்படி நிற்கவைக்க யாரும் அங்கே அழைத்துப் போக மாட்டார்கள்.

ஒரு வாத்து மேஜைக்கு வருமுன் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சுக்கும் உதவும். அறுத்துச் சுத்தம் செய்த வாத்தின் தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். மேலே கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்ட் சர்க்கரைப் பாகு பூசி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உலரவிடுவார்கள். திறந்த அடுப்பில் வைக்குமுன் வயிற்றுக்குள் வெந்நீர் நிரப்பி அடைத்துவிடுவார்கள். ஆக வெளியே தோல் சுடப்படுகிறது, உள்ளே சதை ஆவியில் வேகிறது. தோல் நொறுங்குவதும் சதை காயாமல் இருப்பதும் இதனால்தான். மசாலாவுக்கு இதில் வேலையே இல்லை. நம் நாக்கு முதல் வாயில் 'என்ன, சப்பென்று இருக்கிறதே' என்று சொல்லும். உடனே மிளகாய் சாஸ் கேட்காதீர்கள். கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அடுத்த நாற்பது நிமிடம் நீங்கள் சாப்பிடுவது மிளகாய் சாஸாகத்தான் இருக்கும்.

குளிர்ந்த பதார்த்தங்கள் முதலில் வரும், அப்புறம் ஒன்றிரண்டு சூடான ஐட்டங்கள், நடுவில் வாத்து. வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த ஒருவர் தள்ளுவண்டியில் முழு வாத்தைக் கொண்டுவந்து உங்கள் கண்முன்னே அரிவார். படம் எடுக்கலாம், எல்லாரும் எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் போனை உள்ளே வைத்துவிடுங்கள், ஏனென்றால் இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. முதலில் வரும் சின்னத் தட்டில் மார்புப் பக்கத்துத் தோல் மட்டும் இருக்கும். அதை வெள்ளைச் சர்க்கரையில் தொட்டு அப்படியே வாயில் போட வேண்டும். தோலுக்குச் சர்க்கரையா என்று முகம் சுளிக்காமல் ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் முழு விருந்திலும் அந்த ஒரு துண்டுதான் விலைக்குத் தகுந்தது. ஐந்து நிமிடம் தாமதித்தால் தோல் தொய்ந்துவிடும், கொழுப்பு உறைய ஆரம்பிக்கும். நம் பழக்கத்தில் பெரியவர்கள் கை வைக்கட்டும் என்று காத்திருப்போம். இங்கேயும் அந்த மரியாதை உண்டு. ஆனால் விருந்து கொடுப்பவர் 'சாப்பிடுங்கள்' என்று சுழல் மேஜையில் தட்டை உங்கள் பக்கம் திருப்பிவிட்டால் 'நீங்கள் முதலில்' என்று ஒரு முறை சொன்னால் போதும். நான்கு முறை சொல்லி வாத்தை ஆறவிடக் கூடாது.

1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் ரகசியமாக பெய்ஜிங் வந்தபோது பேச்சுவார்த்தை சூடேறிய ஒரு கட்டத்தில் சீனப் பிரதமர் சௌ என்லாய் நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அன்று வைத்ததும் இந்த வாத்துதான். இரண்டு நாட்டு அரசியலே வாத்து ஆறக் கூடாது என்று காத்திருந்திருக்கிறது.

வாத்தின் தலையை இரண்டாகப் பிளந்து ஒரு தட்டில் வைப்பார்கள். அதை முக்கிய விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையாக உங்கள் பக்கம் திருப்பலாம். சாப்பிட விருப்பமில்லை என்றால் சிரித்து நன்றி சொல்லிவிட்டு மேலதிகாரி பக்கம் திருப்பிவிடுங்கள், பெரும்பாலும் அவர் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்வார். கடைசியில் எலும்புக்கூட்டை என்ன செய்ய என்று கேட்பார்கள். பால் நிறத்தில் சூப் வைக்கலாம், அல்லது மிளகு உப்புப் போட்டு வறுக்கலாம். கேட்டால் வறுவல் என்று சொல்லுங்கள். அன்றைய சாப்பாட்டில் நம் நாக்குக்குப் பழக்கமான ஒரே காரம் அதில்தான் இருக்கும்.

மனைவியின் விஷயத்தை மேஜையில் சொல்லாதீர்கள், இன்றைக்கே வீசாட்டில் மேலதிகாரிக்கு எழுதிவிடுங்கள். 'என் மனைவி மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடமாட்டார், வாத்தும் மீனும் சாப்பிடுவார்' என்று மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுச் சீனத்தில் அனுப்பினால் போதும். இங்கே விருந்துக்கு என்னென்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அவருக்குத்தான் சங்கடம். ஒரு எச்சரிக்கை: காய் என்று நினைத்து எடுப்பதிலும் பன்றிக் கொத்துக்கறி இருக்கலாம். பீன்ஸ் வறுவலில் அடிக்கடி இருக்கும், காரமான டோஃபுவில் மாட்டுக் கொத்துக்கறி இருக்கலாம். வாத்து உணவகத்தில் கீரையையே வாத்துக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு. ஆக, நம் வீட்டில் யாராவது முழுச் சைவம் என்றால் வாத்து உணவகத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். லாமா கோயில் பக்கத்திலே நல்ல சைவ உணவகங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

வழவழப்பாகக் கறுப்பாக, முள்முள்ளாக ஒன்று ஆளுக்கு ஒன்று வீதம் வந்தால் அது கடல் அட்டை. வெங்காயத்தண்டோடு குழம்பாக வைத்திருப்பார்கள். விலை அதிகமான ஐட்டம், உங்களுக்காகவே சொல்லியிருப்பார்கள், ஒரு வாயாவது சாப்பிடுவது நல்லது. ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இது தெரிந்த பிராணிதான். மன்னார் வளைகுடாவிலிருந்து சீனச் சந்தைகளுக்கு நெடுங்காலமாகப் போன சரக்கு. இந்தியாவில் 2001இலிருந்து பிடிக்கத் தடை. யாழ்ப்பாணப் பக்கம் இப்போதும் வளர்க்கிறார்கள். பெய்ஜிங் தட்டில் வருவது பெரும்பாலும் ஷான்தோங், தாலியென் பக்கத்துக் குளிர்க்கடல் வகை. ருசி என்று தனியாக ஒன்றும் கிடையாது, குழம்பின் ருசிதான்.

குடி விஷயத்துக்கு வருகிறேன். பைஜியூ என்ற வெள்ளை மது வைப்பார்கள். மாவ்தாய் என்றால் 53 சதவீதம், சின்னக் குப்பியில் ஊற்றினாலும் சின்ன விஷயமில்லை. குடிக்காதவர் என்றால் முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு குப்பி குடித்துவிட்டு மூன்றாவதில் 'நான் குடிக்கமாட்டேன்' என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வண்டி ஓட்டி வந்திருக்கிறேன் என்பது இங்கே மறுபேச்சில்லாத காரணம், 2011இலிருந்து போதையில் ஓட்டினால் கிரிமினல் குற்றம். உங்களிடம் கார் இல்லை என்பது அவருக்குத் தெரியும் என்றால் உடல்நிலை என்று சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் தேநீரையோ ஜூஸையோ தூக்கிப் பிடித்து நீங்களும் மேலதிகாரிக்கு ஒரு முறை வாழ்த்துச் சொல்ல வேண்டும். எழுந்து நின்று, இரண்டு கையாலும் குவளையைப் பிடித்து, உங்கள் குவளையின் விளிம்பு அவருடையதைவிடக் கொஞ்சம் தாழ இருக்கும்படி மெல்ல மோதுங்கள். இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்ற தவறுகளை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். உட்காரும் இடத்தையும் நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். கதவைப் பார்த்த நாற்காலி விருந்து கொடுப்பவருக்கு, அதன் பக்கத்து இடம் பெரும்பாலும் முக்கிய விருந்தாளிக்கு. காட்டும் இடத்தில் உட்காருங்கள். சாதத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், செத்தவர்களுக்குப் படைப்பது அப்படித்தான்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரியோ நல்ல டீத்தூளோ போதும். கடிகாரம் மட்டும் வேண்டாம், சாவோடு சேர்த்து நினைப்பார்கள். இரண்டு கையாலும் கொடுங்கள். பிரித்துப் பார்க்காமல் ஓரமாக வைத்தால் வருத்தப்படாதீர்கள், அதுதான் இங்கே நாகரிகம்.

பில் அவருடையது. பர்ஸை எடுப்பது மாதிரிப் பாவனை கூட வேண்டாம், மேலதிகாரியோடு போட்டி போடுவது அழகில்லை. டிப்ஸ் என்ற பழக்கம் இங்கே இல்லை. மீந்ததைக் கட்டித் தரச் சொல்வதில் வெட்கம் கிடையாது. சாப்பாட்டை வீணாக்குவதற்கு எதிராக 2021இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. 'தாபாவ்' என்றால் டப்பா வரும்.

பதிலுக்கு அழைக்க வேண்டுமா என்றால், கட்டாயம் அழைக்க வேண்டும், ஆனால் அதே தரத்தில் அழைக்கத் தேவையில்லை. என் யோசனை, வீட்டுக்கு அழைத்துப் பிரியாணி போடுங்கள். அலுவலகத்தில் மாதக்கணக்கில் அதைப் பற்றிப் பேசுவார்கள். வீடு சின்னது, உணவகத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் கணக்கு இதுதான். தாதோங் மாதிரி இடத்தில் ஆளுக்கு முந்நூறிலிருந்து ஐந்நூறு யுவான் வரை வரும், கடல் அட்டையும் மதுவும் சேர்ந்தால் மேலே போகும். நடுத்தர இடங்களில் இருநூறுக்குள் முடிக்கலாம். மூன்று நான்கு பேருக்கு ஒரு வாத்து, ஆறு பேருக்கு ஒன்றரை. அரை வாத்தும் தருவார்கள். கூட அதிகம் சொல்லாதீர்கள். இரண்டு குளிர்ந்த பதார்த்தம், ஒரு மீன், ஒரு கீரை போதும். வயிறு நிறைந்த பிறகு வரும் வாத்து வீண். சுற்றுலாத் தெருவில் ஒரு கடையில் எங்களுக்கு 'செட்' என்று தலையில் கட்டி, தட்டு, தேநீர், சாஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்டார்கள். அதனால் உட்கார்ந்ததும் எதற்கெல்லாம் தனிக் காசு என்று கேட்டுவிடுங்கள். சில பெரிய இடங்களில் சேவைக் கட்டணமும் உண்டு.

இன்னும் இங்கே வங்கிக் கணக்கு திறக்கவில்லை என்றால் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொள்ளலாம். ஒரே பில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். அட்டையின் தினசரி வரம்பை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

தியென்பிங் என்ற உணவக மதிப்புரைச் செயலியில் இடம் பதியும்போதே எத்தனை வாத்து என்று சொல்லிவிடுங்கள். சுடவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், இரவு எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் அன்றைய வாத்து தீர்ந்திருக்கலாம். செவ்வாய், புதன் என்றால் கூட்டமும் குறைவு.