பனி சறுக்கியது என்றால் பிழை குறையுமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாகனக் காப்புறுதிக் கோரிக்கைகளைப் பல ஆண்டுகள் கையாண்ட எங்கள் உறுப்பினர் ஒருவர் இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

அண்ணா, சிவப்பு விளக்கில் நின்ற காரின் பின்புறத்தில் பனியில் சறுக்கிப் போய் மோதிவிட்டேன். வேகம் 20கூட இல்லை. பாதிப் பிழையாவது குறையாதா? (ஸ்காபரோ)

குறையாது, தம்பி. பிழை 100 சதவீதமும் உங்களுடையது. இங்கே பிழையைப் பங்கிடுவதற்கென்றே அரசாங்க விதிகள் இருக்கின்றன. காலநிலை, வீதியின் நிலை, பார்வைத் தெளிவு, பாதசாரி செய்தது, காரின் எந்த மூலையில் அடி விழுந்தது, இவை எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஜனவரி மாதத்தில் பனியைக் குற்றம் சொல்லாமல் என்னிடம் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது 'நோ ஃபோல்ட்' (பிழை பார்க்காத) மாகாணம் என்கிறார்களே. பிறகு யார் பிழை என்று ஏன் பார்க்கிறார்கள்? (மார்க்கம்)

அந்தப் பெயர் செய்த குழப்பம் கொஞ்சமல்ல. உங்கள் கார்ச் சேதத்துக்கு எதிராளியின் காப்புறுதி நிறுவனத்தின் பின்னால் அலைய வேண்டாம், உங்கள் நிறுவனமே தரும் என்பதுதான் அதன் பொருள். காயத்துக்கான சிகிச்சைச் செலவும் அப்படியே, பிழை யாருடையதாக இருந்தாலும். ஆனால் பிழையின் சதவீதம் ஒவ்வொரு விபத்திலும் பதிவாகிறது. உங்கள் பிழை 25 என்றால் சேதத்தில் 75 சதவீதம் உங்கள் நிறுவனம் நேரடியாகத் தரும் காப்புறுதியிலிருந்து வரும் (2024 முதல் விரும்பினால் அதை விலக்கிக்கொள்ளலாம்; விலக்கியிருந்தால் வராது). மீதி 25க்கு, விருப்பத்தேர்வான 'கொலிஷன்' (மோதல் சேதம்) பிரிவை வாங்கியிருக்க வேண்டும். பழைய கார்தானே என்று அதை நீக்கியவர்கள் அந்தப் பங்கைக் கைக்காசில்தான் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு கட்டணம் ஏறுவதும் அந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான்.

மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. நடுவில் நான். பிழை யாருடையது? (பிரம்டன்)

நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்களா, ஓடிக்கொண்டிருந்தீர்களா? முன் காரும் நீங்களும் நின்றிருக்க, பின்னால் வந்தவர் தள்ளியிருந்தால் முழுப் பிழையும் அவருடையது. மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால், முன் காரோடு நடந்த மோதலில் பாதிப் பிழை உங்கள் தலையில். ஆகவே 'டாஷ் காம்' (காரில் பொருத்திய கமெரா) பதிவு இருந்தால் அழித்துவிடாதீர்கள். பனிக்கு அது சாட்சி சொல்லிப் பயனில்லை. நீங்கள் நின்றதற்குச் சொல்லும்.

பொலிஸ் கொடுத்த டிக்கெட்டை நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பிழையும் நீங்கும்தானே?

நீங்காது. அந்த வழக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

இடித்தது நான்தான். 1,500 டொலர் கையில் கொடுத்து முடித்துவிடலாமா? (அஜக்ஸ்)

முடிக்கலாம், ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம். 2016 ஜூன் முதல் ஒரு சலுகை இருக்கிறது: யாருக்கும் காயமில்லை, ஒவ்வொரு காரின் சேதமும் 2,000 டொலருக்குக் கீழ், பணத்தை இடித்தவரே கொடுத்தார், எந்த நிறுவனமும் ஒரு சதம்கூடச் செலுத்தவில்லை என்றால், அந்த விபத்துக்காகக் கட்டணத்தை ஏற்றக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். காசை வாங்கியவர் மறுவாரம் கழுத்து வலி என்று கோரிக்கை போட்டால் சலுகை போய்விடும். அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள்; உங்கள் நிறுவனத்துக்கும் ஏழு நாட்களுக்குள் அறிவித்துவிடுங்கள்.

பிளாசா வாகனத் தரிப்பிடத்திலும் இந்த விதிகள் உண்டா?

உண்டு. தரித்த இடத்திலிருந்து வெளியே எடுப்பவர், ஓடும் பாதையில் வருபவருக்கு வழிவிட வேண்டும். விடாமல் மோதினால் 100 சதவீதம் அவர் பிழை.