அவோ: பச்சையா, நீலமா?

ஐயா,

ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வானத்தின் நீலமும் 'அவோ', சிக்னலில் எரியும் பச்சையும் 'அவோ' என்கிறார்கள். பச்சைக்கு 'மிதோரி' என்று தனிச்சொல் இருந்தும் ஏன் இப்படி? அந்தக் காலத்து ஜப்பானியருக்குப் பச்சையும் நீலமும் பிரித்துத் தெரியாது என்று உடன் படிப்பவர் சொல்கிறார். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் பார்ப்பதற்கெல்லாம் எந்த மொழியும் தனித்தனியாகப் பெயர் வைப்பதில்லை.

பழைய ஜப்பானிய மொழியின் அடிப்படை நிறச்சொற்கள் நான்குதான்: அகா, குரோ, ஷிரோ, அவோ. இன்று சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நீலம் என்கிறோம். ஆனால் இவை முதலில் ஒளியைக் குறித்த சொற்கள் என்றார் மொழியறிஞர் சதாகே அகிஹிரோ. வெளிச்சம் அகா, இருட்டு குரோ, பளிச்சென்று தெரிவது ஷிரோ, மங்கலாகத் தெரிவது அவோ. எல்லாரும் இதை முழுதாக ஏற்பதில்லை. எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது; வெளிச்சமானது 'அகாருய்', இருண்டது 'குராய்' என்று இன்றும் சொல்கிறார்கள். பயத்தில் வெளிறிய முகமும் அவோதான்.

இலக்கணத்திலும் தடயம் இருக்கிறது. அகாய், குரோய், ஷிரோய், அவோய் என்று இந்த நான்கும் நேராகப் பெயரடை ஆகின்றன. மஞ்சளும் பழுப்பும் அப்படி ஆக வேண்டுமென்றால் நடுவில் 'இரோ' (நிறம்) வந்தாக வேண்டும்: கீயிரோய், சாயிரோய். மிதோரிக்கு அதுவும் இல்லை. 'நோ' என்ற இடைச்சொல்லைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மிதோரி முதலில் இளந்தளிரைக் குறித்த சொல் என்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சான்று 702-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு ஏடுகள். அவற்றில் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பச்சை என்று பொருள்படும் எழுத்தால் குறித்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு 'மிதோரிகோ' என்ற சொல் இன்றும் உண்டு. நாமும் பச்சிளம் குழந்தை என்றுதானே சொல்கிறோம்! பளபளக்கும் கருங்கூந்தலையும் 'மிதோரி' என்று வருணிப்பார்கள். அங்கே பச்சை நிறமே இல்லை, பசுமையின் மினுமினுப்பு மட்டும்தான்.

சரி, சிக்னல். 1930-இல் டோக்கியோவின் ஹிபியா சந்திப்பில் முதல் தானியங்கி விளக்கு வந்தபோது விதியில் மிதோரி என்றுதான் இருந்தது. மக்கள் அவோ என்றே அழைத்தார்கள். 1947-இல் சட்டமும் அவோவுக்கு மாறியது. பிற்பாடு விளக்கையே கொஞ்சம் நீலம் கலந்த பச்சையாக்கினார்கள்.

மற்ற நிறப்பெயர்கள் பெரும்பாலும் பொருளிலிருந்து வந்தவை. ஊதாவுக்கான முராசாகி ஒரு செடி, அதன் வேர்தான் சாயம். பழுப்பு 'தேநீர் நிறம்', சாம்பல் 'எலி நிறம்'. எடோ காலத்தில் (1603–1868) அரசு பகட்டான உடைக்குத் தடை போட்டதும், நகரத்து மக்கள் இந்த இரண்டு மங்கிய நிறங்களுக்குள்ளேயே புகுந்து விளையாடினார்கள். நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல் என்றே ஒரு வழக்கு உண்டு. கபுகி என்ற மரபு நாடகத்தின் நடிகர் செகவா கிகுனோஜோ உடுத்திய பச்சை கலந்த பழுப்புக்கு அவருடைய புனைபெயரான 'ரோகோ'வையே வைத்து ரோகோசா ('சா' என்றால் தேநீர்) என்றார்கள்.

வகுப்பில் தடுமாறாமலிருக்க ஒரு வழி: சிக்னல், பச்சை ஆப்பிள், கீரை, இளந்தழை எல்லாம் அவோ. வண்ணப் பென்சிலோ சட்டையோ என்றால் மிதோரி.